குரைக்காத நாய்க்கு ஓர் இடம்

ஆட்டையாம்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒரு பையனை வெறிநாய் கடித்தது. உலகச் சண்டைக் காலம் அது. பையன் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தான். என் கணவர்தான் அவனுக்கு வாத்தியார். கெண்டைக்காலில் சின்னக் கீறல். மஞ்சள் வைத்துக் கட்டினார்கள், ஆறிப்போயிற்று. எல்லோரும் அதை மறந்துவிட்ட பிறகு ஒரு நாள் காலையில் சொம்புத் தண்ணீரைக் கண்டதும் அவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. எங்கள் தெருவில் விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை தறிச் சத்தம் ஓயாது. அந்தப் பையன் அடங்கிப்போகும் வரை ஒரு தறிகூட ஓடவில்லை.

அடுத்த நாளே தண்டோரா போட்டார்கள். ஆளில்லாத நாய் எதுவானாலும் அடித்துப் போடப்படும், வளர்க்கிறவர்கள் வீட்டுக்குள் கட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்று. தடியோடு ஆண்கள் கும்பலாகப் புறப்பட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நானே தெருவில் இறங்கும்போது கையில் விறகுக்கட்டை வைத்திருந்தேன். என் வயிற்றில் அப்போது முதல் பிள்ளை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சோளக்காட்டு ஓரத்தில் ஒரு பாழுங்கிணறு உண்டு. கொல்லைப் பக்கம் போன நானும் வீட்டுக்காரம்மாவும் அதற்குள்ளிருந்து முனகல் வருவதைக் கேட்டோம். வீட்டுக்காரம்மா என்பது எங்களுக்கு வீட்டில் பாதியை வாடகைக்கு விட்டிருந்த நெசவுக்கார அம்மாள். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எட்டிப் பார்த்தோம். அடியில் கிடந்த கருவேல முள்ளுக்கு நடுவே செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய். தடிக்குப் பயந்து ஓடிவந்து விழுந்திருக்க வேண்டும். எங்களைப் பார்த்ததும் முனகல் நின்றுபோய், உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். விட்டுவிடு, தானாகச் செத்துப்போகும், யாரிடமும் சொல்லாதே என்றார். நான் உள்ளே வந்து சமைத்தேன். ஆனால் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு என் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் கயிற்றையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு போய், படிக்கல்லில் கால் வைத்து இறங்கினார். நாய் அவரைக் கடிக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு சிறுநீர் விட்டதாம். சாக்கில் போட்டு மேலே கொண்டுவந்தார்.

விறகு அறையில் வைத்துச் சாக்கின் கட்டை அவிழ்த்தது நான். தலை வெளியே வந்ததும் அது மிரண்டு துள்ளியது. என் மணிக்கட்டில் பல் உரசியது. ஒரு துளி ரத்தம், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கும் அவ்வளவுதான் இருந்தது.

நாங்கள் இருவரும் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் கதவை வெளியே தாழிட்டார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சேலத்துக்குப் போனோம். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. மேட்டில் ஏறாமல் பஸ் நின்று நின்று போனபோது, விஷம் என் கைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் காயத்தைக் கழுவி, கார்பாலிக் அமிலம் வைத்துச் சுட்டார். நாய் எங்கே என்று கேட்டார். வீட்டில் பூட்டி வைத்திருக்கிறோம் என்றார் என் கணவர்.

"நல்ல வேளை, அடிச்சுக் கொல்லாம விட்டீங்க," என்றார் டாக்டர். "பத்து நாள் கட்டி வச்சுப் பாருங்க. தின்னுக்கிட்டு, தண்ணி குடிச்சுக்கிட்டு உசுரோட இருந்தா இந்தம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அது செத்தாலோ, யாராவது அடிச்சுப் போட்டாலோ, அன்னைக்கே வந்துடணும். வயித்தைச் சுத்தி ஊசி போடணும்."

சொல்லிவிட்டு அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

அன்றிலிருந்து என் உயிர் அந்த நாயிடம் இருந்தது. அதுவோ மனிதர் பார்த்துக்கொண்டிருந்தால் தின்னாத, குடிக்காத நாய். கூழை வைத்துவிட்டு நான் நின்றால் விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் முகத்தைச் செருகிக்கொள்ளும். தண்ணீர்ச் சட்டியை நகர்த்தினால் நடுங்கும். பக்கத்துக் கூடத்தில் அக்காவின் தறி ஓடத் தொடங்கினால், ஒவ்வொரு அடிக்கும் அதன் தோல் சிலிர்த்து அடங்கும். பயத்தில் வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கும். அந்த எச்சிலைப் பார்த்ததும் நான் கதவைச் சாத்திவிடுவேன். வெறிநாய்க்கும் அப்படித்தானே ஒழுகும்.

கூழ் தீர்ந்திருந்தது. தண்ணீரும் குறைந்திருந்தது, ஆனால் நாய் குடித்துத்தான் குறைந்ததா என்று தெரியவில்லை. வெக்கையில் வற்றியிருக்கலாம், எலி குடித்திருக்கலாம். கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தால் அதுவும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் வந்தால் இன்னொரு கண் என்மேல் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் என் கணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். விழுங்கி முடித்ததும் பக்கத்தைப் புரட்டுவார்.

ஒரு பிற்பகல், அக்கா சாப்பிட எழுந்துபோய்த் தறி நின்றிருந்த நேரம், நான் விறகு அறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். இடுக்கில் பார்க்கவில்லை, அலுத்துப்போய் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நகம் தரையில் படும் சத்தம். பிறகு சளக், சளக் என்று நாக்கு தண்ணீரை அள்ளும் சத்தம். நிறுத்தி, மறுபடியும் குடித்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டால் அது குடிப்பதை நிறுத்திவிடுமே என்று பயம்.

ஆனால் பத்து நாள் கெடு இன்னும் முடியவில்லை. அதற்குள் தெருவில் விஷயம் கசிந்துவிட்டது. வாத்தியார் வீட்டில் நாயை ஒளித்து வைத்திருக்கிறார்கள், அதன் வாயில் நுரை தள்ளுகிறது என்று பேச்சு. அவர் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் தடியோடு ஆட்கள் கொல்லைப்பக்கமாக வந்தார்கள். முன்னால் நின்றவர் செத்துப்போன பையனின் அப்பா. சவரம் செய்யாத முகம். தடியின் நுனி கறுத்திருந்தது.

நான் விறகு அறைக் கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டேன். தறியிலிருந்து எழுந்துவந்த அக்காதான் என் முன்னால் வந்து நின்றார். கிணற்றிலேயே சாகட்டும் என்று சொன்னவர் அவர்.

"ஆமாங்க, நாயி உள்ளதான் இருக்குது," என்றார். "இந்தப் புள்ளையக் கடிச்சுப் போட்டுது. அது உசுரோட கெடந்தாத்தான் இவளுக்கு ஒண்ணுமில்லீன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. இன்னிக்கு நீங்க அதைய அடிச்சுப் போட்டுட்டுப் போயிருவீங்க. அப்பறம் இவளுக்கும் வயித்துல இருக்கறதுக்கும் ஆரு பதில் சொல்றது?"

பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அப்பா என்னைத்தான் பார்த்தார். என் கையில் சுட்ட தழும்பைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"குடிக்குதுங்க," என்றேன். "நான் காதால கேட்டனுங்க."

அவர் தடியை இறக்கித் தரையில் ஊன்றினார். "எம்பையன் கேட்டுக் கேட்டு அழுதானுங்க," என்றார். "கொண்டுபோனாக் குடிக்க முடியலீங்க." பிறகு தடியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். மற்றவர்களும் போனார்கள். நான் கதவை விட்டு நகர வெகுநேரம் ஆயிற்று.

கெடு முடிந்தது. நாய் உயிரோடு இருந்தது, நானும் பிழைத்தேன். டாக்டர் சிரித்துக்கொண்டே போய்வரச் சொன்னார். ஆனால் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போது நாய்க்காகப் பயந்தேன். தெரு முழுக்கத் தறி. ஒவ்வொரு வாசலிலும் அதன்மேல் கண். அன்று திரும்பிப்போன தடி மறுபடி வராது என்று யார் சொல்ல முடியும்? அதை எங்காவது சேர்த்தாக வேண்டும்.

என் கணவரோடு வேலைபார்த்த இன்னொரு வாத்தியாரின் மைத்துனருக்கு ஆத்தூரில் நெல் மில் இருந்தது. காவலுக்கு நாய் வேண்டும் என்று கேட்டிருந்தாராம். என் கணவர் நாயை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு நிம்மதி வரவில்லை. நச்சரித்து நச்சரித்து, கொஞ்ச நாளில் அவரோடு நானும் போய்ப் பார்த்தேன். இஞ்சின் கொட்டகைக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். இஞ்சின் அதிரும்போதெல்லாம் தரையும் அதிர்ந்தது. நாய் தன் முன்காலைத் தானே கடித்துப் புண்ணாக்கியிருந்தது. நெஞ்செல்லாம் எச்சிலில் நனைந்திருந்தது. கூலியாட்கள் அதைச் சுற்றிக்கொண்டு தூரமாக நடந்தார்கள். சுவரோரம் ஒரு கடப்பாரை சாத்தியிருந்தது.

"குலைக்கவே மாட்டேங்குதும்மா," என்றார் மில்காரர். "ஆளுங்களுக்கு பயமா கீது. இன்னைக்கி நீங்க வரலைன்னா முடிச்சிருப்பாங்க."

சங்கிலியை அவிழ்க்க நான்தான் போனேன். பல் பட்ட அதே மணிக்கட்டை அதன் வாய்க்கருகே கொண்டுபோய்க் கொக்கியைக் கழற்றினேன். அது கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

நாய் மறுபடி எங்கள் விறகு அறைக்கே வந்தது. பிரசவத்துக்கு என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பும் நேரமும் வந்தது. எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். நாயை விட்டுவிட்டுப் போக முடியாது என்றேன். பெரிய கூடையில் வைத்து, மேலே சாக்கைக் கட்டி, பஸ்ஸில் மூட்டைகளுக்கு நடுவே ஏற்றினோம். தெரிந்தால் நடுவழியில் இறக்கிவிடுவார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர்களே அடித்துப்போடுவார்கள். நாமக்கல்லில் பஸ் மாறும்போது கூடையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். கோழி என்றார் என் கணவர். பிள்ளைகளை அடித்து அடித்து உண்மை பேசச் சொல்கிற மனிதர், வியர்த்துப்போய்விட்டார். கண்டக்டர் கூடையைக் காலால் தள்ளி ஓரமாக வைத்தார். உள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. செத்துப்போய்விட்டதோ என்று நான் வழியெல்லாம் சாக்கின்மேல் கை வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அம்மா வீட்டிலும் வைத்துக்கொள்ள வழியில்லை. வெறிநாய்க் கதை எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அம்மாதான் சொன்னாள், மலையோரத் தோட்டத்துச் சாளைக் குடிசையில் ஒருத்தி ஆடு வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள், அவள் நாயைப் போன மாதம் சிறுத்தை தூக்கிப்போய்விட்டது என்று. சிறுத்தை வருகிற இடத்திலா கொண்டுபோய் விடுவது என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு இடமும் இல்லை.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் நானும் அம்மாவும் போனோம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள்தான் அந்தப் பெண், கட்டையான உடம்பு. கூடையைத் திறந்ததும் நாய் நேராக ஆட்டுப்பட்டிக்குள் ஓடிக் குட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. ஒரு குட்டி அதன் காதை மோந்துபார்த்தது. நாய் நடுங்கவில்லை.

எல்லாவற்றையும் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னைக் கடித்தது, டாக்டர் சொன்னது, மில்லிலிருந்து திரும்பியது. குரைக்கவே குரைக்காது, காவலுக்கு ஆகாது என்றும் சொன்னேன்.

"அதுதானுங்க எனக்கு வேணும்," என்றாள் அவள். "முன்னத்தது மலையப் பாத்துக் கொரைச்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் சிறுத்தை எறங்கி வந்துச்சு. பட்டிக்கு முள்ளுப்படல் வச்சிருக்கறன், நானும் உள்ளயேதான் படுக்கறன். ஒரு உசுரு பக்கத்துல கெடந்தாப் போதும்."

நம்பிவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் பிரசவம் ஆகும் வரை, மலைப்பக்கமிருந்து யார் வந்தாலும் நாய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. இருக்கிறது என்பார்கள். அடுத்த ஆள் வரும் வரை அந்தப் பதில் தாங்கும்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை. உச்சி முதல் பாதம் வரை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஊருக்குத் திரும்புவதற்கு முன் அவரும் நானும் குழந்தையை எடுத்துக்கொண்டு சாளைக்குப் போனோம். நாய் எங்களைக் கண்டதும் எழுந்து அந்தப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவள் சங்கடப்பட்டு, இத்தனை செய்தவர்களிடம் வருகிறதா பாருங்கள் என்று அதை அதட்டினாள். வேண்டாம், வராமலே இருக்கட்டும் என்றேன். மடியில் குழந்தை இருந்தது. நாய் கிட்டே வந்திருந்தால் நானே எழுந்து விலகியிருப்பேன்.

வறுத்த நிலக்கடலை கொடுத்தாள், தின்றோம். இருட்டுவதற்குள் புறப்பட்டோம். வண்டித்தடம் வரை அவள் கூட வந்தாள். ஆடுகளும் வந்தன, அவற்றோடு நாயும். விறகு அறையிலும் மில்லிலும் எப்போது பார்த்தாலும் வாலை வயிற்றோடு ஒட்டவைத்திருந்த நாய் அது. இப்போது வால் பின்னால் சாதாரணமாக ஆடிக்கொண்டிருந்தது. நுனி வெள்ளை. அவ்வளவு நாள் வீட்டில் வைத்திருந்தும் எனக்கு அது தெரியாது. அவரிடம் கேட்டேன். தானும் பார்த்ததில்லை என்றார்.