முதல் பாகமும் என் போனும்

இன்று நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், என் சிறுவயதுத் துப்பறியும் கதைத் தொடரின் முதல் பாகத்தைப் பதினோரு வயது மகளிடம் கொடுத்தேன். எட்டுப் பாகங்களையும் அவளுக்கென்றே பத்திரப்படுத்தியிருந்தேன்.

புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொம்மை மட்டும்தான் மா புரியுது. நீ படி, நான் கேட்டுக்கினு வரேன்."

பொம்மை என்று அவள் சொன்னது, தெலுங்குப் பழக்கத்தில், படங்களை. வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ்தான். பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும் போதும் என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

புத்தூர் வரை வாசித்தேன். திருடன் கிணற்றுக்குள் இறங்கும் இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். மீதிக் கதைக்காகவாவது தமிழ் எழுத்துக் கற்றுத்தரச் சொல்வாள் என்று ஓர் ஆசை.

"நீ ரொம்ப மெதுவா படிக்கிற மா."

என் போனை வாங்கிப் பக்கங்களைப் போட்டோ எடுத்தாள். திரையில் எல்லாம் தெலுங்கில் வந்தது. ரேணிகுண்டா வருவதற்குள் அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டாள். அந்த வயதில் நான் சிரித்த அதே இடத்தில் அவளும் சிரித்தாள்.

"சூப்பர் மா! மீதி புக்கெல்லாம் எங்க வச்சிக்கினு இருக்க?"

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொடுத்துவிடுவேன், வேறு வழியில்லை. அ, ஆ மட்டும் எப்போது ஆரம்பிப்பது? சார்ஜ் தீர்ந்த பிறகா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.