வெர்லீனுக்குக் கிடைத்த பேனா

அதிபர் கையெழுத்துப் போட்ட பேனா ஒன்று எதிர் மேஜையில் கண்ணாடிக்குள் இருந்தது. அது மார்கரெட் ஓக்ஸுடையது. மூன்று வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள் வெர்லீன் டிப்ஸ்.

எரியாமல் என்ன செய்யும்? வாஷிங்டனில் அந்த அறையில் இருபத்தாறு வருஷமாக அதிபரின் உத்தரவுகளைச் சரிபார்ப்பவள் அவள். அதிபர் நினைத்தால் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசு அலுவலகங்களுக்கு உத்தரவு போடலாம். ஆனால் எந்தச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது என்று முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டில் நிற்காது. அந்தச் சட்டத்தைத் தேடிப் பிடிப்பது வெர்லீனின் வேலை. நோயாளிப் பெற்றோரைக் கவனிக்க அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு லீவு என்ற உத்தரவுக்கும் அவள்தான் ராப்பகலாகத் தேடினாள். மார்கரெட் செய்தது கோப்பைத் தூக்கிக்கொண்டு போனது மட்டும். அதிபர் எழுத்துக்கொரு பேனாவாக மாற்றி மாற்றிக் கையெழுத்திட்டு, பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தபோது அவளுக்கும் ஒன்று விழுந்தது. பாடுபட்டவள் ஒருத்தி, பரிசு வாங்கியவள் ஒருத்தி.

போதாததற்கு, அந்த லீவை எடுத்துக்கொண்டு அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவதும் மார்கரெட்டேதான்.

ஜனவரியில் புது அதிபர் வந்தார். பழையவர் கையெழுத்தை அழிக்கப் புதியவரின் ஒரு கையெழுத்து போதும். முதல் நாள் காலையே ரத்துப் பட்டியல் வெர்லீனிடம் வந்தது. லீவு உத்தரவும் அதில் இருந்தது. ஆனால் அதன் எண்ணுக்குப் பதில் வேறொரு பழைய உத்தரவின் எண்ணைத் தப்பாக அடித்திருந்தார்கள். அப்படியே விட்டால், என்றோ செத்துப்போன பூங்கா உத்தரவு ஒன்று இன்னொரு தடவை சாகும். யாராவது கண்டுபிடிக்கும்வரை லீவு பிழைத்துக் கிடக்கும். மார்கரெட்டின் அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று வெர்லீனுக்குத் தெரியும்.

எதிர் மேஜைப் பேனாவைப் பார்த்தாள். சிவப்பு மையில் எண்ணைத் திருத்தினாள். கடமை என்று சொல்லிக்கொண்டாள். கடமையைச் செய்யும்போது மனசுக்குள் அவ்வளவு குளுகுளுவென்று இருக்காது.

மத்தியானம் அவளுக்கு அழைப்பு வந்தது. அதிபருக்குப் பின்னால் நின்றாள். பட்டியலில் கையெழுத்துப் போட்ட பேனா ஒன்று அவள் கைக்கு வந்தது.

அறைக்குத் திரும்பியதும் மார்கரெட் ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "காட்டுடி! அப்பாடா, வந்துருச்சு. உன் பேரைக் குடுத்தது யாருன்னு நெனச்ச? நான்தான். ரெண்டு வாரமா மேல உள்ளவங்க உசுர வாங்கிட்டேன்."

"நீயா? எதுக்கு?"

"மூணு வருஷமா என் பேனாவ நீ பாக்கறத நான் பாக்கலையா? சாண்ட்விச் திங்கறப்பகூட அதத்தானே மொறைப்ப!" சிரித்தாள். "சரி, எதெதெல்லாம் ரத்தாச்சு?"

வெர்லீன் வாய் திறப்பதற்குள் அவள் மேஜைமேல் கிடந்த, பட்டியலின் சரிபார்ப்புப் பிரதியை மார்கரெட் எடுத்துவிட்டாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, லீவு உத்தரவின் சிவப்பு எண்ணில் நின்றது. அந்த அறையில் சிவப்பு மை வைத்திருப்பவள் ஒருத்திதான்.

"தப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள் மார்கரெட்.

"ம்."

மார்கரெட் பேனாவை வெர்லீனின் கையிலேயே திருப்பி வைத்தாள். பிறகு வியாழக்கிழமை விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் போன் போடப் போனாள்.