அக்கா திருப்பி வைத்த மெழுகு

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான் எழுதப்போவதைக் கேட்டதும் சின்ன மாமா, "பொம்பள சமாச்சாரத்தயெல்லாம் அச்சுல போடுவாங்களா?" என்று முகம் சுளித்தார். போடத்தான் போகிறேன், மாமா. வெளியே சொல்ல வெட்கப்பட்டுச் செத்த பெண்கள் நம் வம்சத்தில் போதாதா?

அக்கா வரதராசன்பேட்டையில் பிறந்தார். அப்பாவுக்கு மானாவாரிப் புஞ்சை. மழை பொய்த்த வருடங்களில் கம்பங்கூழுக்கே இழுபறி. மாதா கோவில் பள்ளியில் நன்றாகப் படித்த அக்காவைக் கன்னியர்கள் திருச்சிக்கும், பிறகு சென்னைக்கும் அனுப்பி டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். "இவ்வளவு படிச்ச பொண்ண எவன் கட்டுவான்?" என்று உறவினர்கள் கேட்டார்கள். எவனும் கட்டவில்லை. அக்காவும் அதற்காக ஒரு வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளவில்லை.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அரியலூரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். கிழக்குப் பார்த்த ஒரு அறைதான் பரிசோதனைக்கூடம். மின்விளக்கு கிடையாது. ஜன்னல் வெயிலை மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியில் வாங்கித்தான் பார்க்க வேண்டும். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சிறு துண்டை மெழுகில் பதித்து, இறுகிய மெழுகுக் கட்டியை மெல்லிய தோலாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். கண்ணாடிக்குத் தட்டுப்பாடு. பழைய தகடுகளைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினார்கள்.

கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த துண்டு என்றால் அக்கா தனிக் கவனம் எடுத்துக்கொள்வார். நாங்கள் காடு கழனி பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண்கள், எங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்வார்: "மேல்தோலுக்கு அடியில ஒரு வரப்பு இருக்கு. கெட்டுப்போன அணு வரப்புக்கு மேல கொஞ்சமா இருக்கா, பாதி வரைக்குமா, முழுக்கவான்னு தரம் பிரிக்கணும். முழுக்கவே கெட்டிருந்தாலும் வரப்பு ஒடயாத வரைக்கும் அது களைதான், புடுங்கிப்புடலாம். ஒடஞ்சுதுன்னா அப்பறம் ஊரெல்லாம் பரவிப்புடும்."

அந்தக் களை எனக்கே வந்தது. மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டு, இன்னும் பிள்ளை இல்லாதிருந்த நேரம். விலக்கு நாள் அல்லாமலும் உதிரம் பட்டுக்கொண்டே இருந்தது. மாமியாருக்குத் தெரியாமல் துணியை அலசிப் போட்டு மறைத்தேன். ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவுக்கு வந்த அக்காவிடம்தான் வாய் திறந்தேன்.

"எத்தன நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்க்கா."

"அடி கழுத! கூடப் பொறந்தவ டாக்டரு, நீ இத முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கியா? கெளம்புடி!"

அரியலூரில் என்னைப் படுக்கவைத்து, அக்கா கர்ப்பப்பை வாயில் அயோடின் தடவினார். நிறம் பிடிக்காத இடம்தான் சந்தேகம் என்று அங்கே சிறு துண்டு எடுத்தார். தாமே மெழுகில் பதித்து, சீவி, சாயமும் ஏற்றினார். ஆனால் தங்கையின் துண்டுக்குத் தாம் முடிவு சொல்லக் கூடாதென்று அந்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரிடம் கொடுத்துவிட்டார். அவர் பார்த்துவிட்டு, புற்று உள்ளே இறங்கிவிட்டது, சென்னைக்குப் போய் ரேடியம் வைக்க வேண்டும் என்றார். அந்தக் கதிரில் கர்ப்பப்பை கருகிவிடுமாம்; உயிர் தப்பினாலும் இனிப் பிள்ளை கிடையாது. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓவென்று அழுதேன்.

அதன் பிறகுதான் அக்கா அந்தத் தகட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மெழுகுக் கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நேரே பெரிய டாக்டரிடம் போனார். அடுத்த அறையில் படுத்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், துண்டு மெழுகுல சாஞ்சு கெடக்கு. கத்திரி வெயிலு, மெழுகு எறுகல. பானத் தண்ணியில போட்டு ஆற வைக்கறதுக்குள்ள துண்டு சரிஞ்சிருக்கு. வச்சது நான்தான், கவனிக்காதது என் தப்பு. கரும்பச் சாய்ச்சு வெட்டிப் பாருங்க, தோலு எம்மாந் தடிப்பாத் தெரியுது! அது மாதிரிதான் இதுவும். கெட்டது உள்ள எறங்கல, எறங்குன மாதிரி தெரியுது."

"தங்கச்சிங்கறதால மனசு ஒத்துக்க மாட்டேங்குது, டாக்டரம்மா."

"இருக்கலாம் சார். அதனாலதான் மறுபடியும் நீங்களே பாக்கணுங்கறேன்."

மெழுகை உருக்கி, துண்டை நிமிர்த்தித் திருப்பி வைத்தார். கட்டி இறுகும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இருந்தது கடுகளவு துண்டு. கை தவறினால் அதோடு போச்சு. சீவிச் சாயம் ஏற்றி முடித்தபின் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு எல்லாத் தகட்டுலயும் பேர மூடி, மத்தவங்களுதோட கலந்து வைக்கப்போறேன். ஒன்னுது எதுன்னு அவருக்குத் தெரியாது. வரப்பு ஒடஞ்சிருக்குன்னு அவரு சொன்னா நானும் ஒத்துக்குவேன். நீ மெட்ராசு போவணும். அழக் கூடாது, என்ன?"

"நீ பாத்தியாக்கா? என்னக்கா இருக்கு?"

"பாத்தேன். சொல்ல மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்றவளாக இருந்தால் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருப்பாளா என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் காலை வெயிலில் பெரிய டாக்டர் ஒவ்வொரு தகடாகப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அக்கா எழுதிக்கொண்டே வந்தார். ஒன்றில் அவர் நிறுத்தினார். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்புவது திறந்த கதவு வழியே தெரிந்தது. "இது முழுக்கக் கெட்டிருக்கு. ஆனா எல்லை எங்கயும் ஒடயல. கர்ப்பப்பை வாயில அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்தாப் போதும். யாருது இது?"

ஒரு விசும்பல்தான் கேட்டது. கல் என்று நான் திட்டிய அக்காதான் அழுதுகொண்டிருந்தார். பெரிய டாக்டர் எழுந்து வந்து, முன்பு தாம் எழுதிய முடிவை என் எதிரிலேயே அடித்துத் திருத்தினார். கெட்ட இடத்தை வெட்டி எடுத்தவரும் அவரேதான். அந்த நல்ல மனிதரை இங்கே வணங்குகிறேன்.

அதற்குப் பிறகு அக்கா பெரம்பலூர், ரஞ்சன்குடி என்று மாட்டுவண்டியில் போய்ப் பெண்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். ஏசியவர்களும் உண்டு. "ஏசட்டும், வந்து காட்டிட்டு ஏசட்டும்" என்பார். கடைசி நாட்களில் மூச்சு வாங்கியபோதும், பார்க்க வந்த மருமகள்களிடம், "உதிரம் கிதிரம் படுதா? சொல்லிப்புடு, வெக்கப்படாத" என்று கேட்டார்.

அக்காவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட கன்னியர்களுக்கும், போர்க்காலத்தில் எங்கெங்கோ அலைந்து பரிசோதனைக்கூடத்துக்கு ஸ்பிரிட் வாங்கிக் கொடுத்த லப்பைக்குடிக்காட்டு பாயின் குடும்பத்தாருக்கும், அடக்கத்துக்கு மழையில் நனைந்து வந்த அத்தனை பேருக்கும் எங்கள் நன்றி.

அடக்கத்தன்று கல்லறையில் யாரோ ஒருவர், "பாவம், மண்ணு போட ஒரு புள்ள இல்லாமப் போச்சே" என்றார். முதல் கைப்பிடி மண்ணைப் போட்டவன் என் மகன். அக்கா அந்த மெழுகைத் திருப்பி வைத்த பிறகு பிறந்தவன் அவன்.