மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒரு பூனை

1. சாக்குப்பை

அது யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம், பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தன. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டிக்காரர், மாட்டின் வயிற்றில் கை வைத்தாலே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். மற்ற விஷயங்களில் அவரோடு மாரடித்த கதை எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் மருந்து எடுத்துவரச் சேலம் போனார். டர்பன்டைன், டிஞ்சர், கந்தகம் எல்லாம் தீர்ந்துபோய், வந்தவர்களுக்குச் சமாதானம் சொல்லிச் சொல்லி என் வாய் வறண்டிருந்தது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கையில் ஒரு சாக்குப்பை மட்டும் இருந்தது. மருந்துப் பெட்டி பஸ் கூரையிலேயே நாமக்கல்லுக்குப் போய்விட்டது.

சாக்குக்குள் பூனை. செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டி ஒன்றில் வேலை செய்கிறவன் அதைக் கட்டி, ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வரத் தூக்கிக்கொண்டு போனானாம். நம்மவர் வழிமறித்து வாங்கிக்கொண்டாராம். அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கண்ணில் சீழ், காதோரம் சொறி, மூச்சு விட்டால் விசில் சத்தம்.

என்ன வியாதி என்று கேட்டேன்.

"சொறி கண்ணுக்குத் தெரியுது. இளைப்பு இருக்கலாம். வயித்துல புழு இருக்கலாம். நெஞ்சுல சளி கட்டியிருக்கலாம். ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம், பார்ப்போம்" என்றார்.

மாடு என்றால் ஒரே வார்த்தையில் முடிக்கிற மனிதர், பூனைக்கு இத்தனை 'லாம்' போட்டார். மறுநாள் பெட்டியைத் தேடி நாமக்கல்லுக்குப் போய் வந்தது நான்.

2. மருந்து

எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த மருந்து அளவுகளிலேயே சின்னது கன்றுக்குட்டிக்கு உள்ளது. பூனைக்கு எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொறிக்கு மாட்டுக்குப் போடுகிற கார்பாலிக் போடலாமா என்றால், பூனை தன்னைத்தானே நக்கிச் செத்துப்போகும் என்று டாக்டர் பதறினார். கடைசியில் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினோம். தடவினோம் என்றால், அவர் எப்படித் தடவுவது என்று சொன்னார், நான் தடவினேன். என் முழங்கை வரைக்கும் கீறல். என் கீறலுக்கு டிஞ்சர் போட்டுக்கொண்டதும் நானேதான்.

வீட்டில் அதற்கு மேல். "அந்தக் கையோட ஊட்டுக்குள்ள வராதீங்க" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டுதான் சோற்றுக்கு உட்கார வேண்டும்.

கண் தெளிந்தது, சொறியும் ஆறியது. மூச்சில் மட்டும் அந்த விசில் போகவில்லை. ஈரக்காற்று அடித்தால் படுத்துக்கொள்ளும், பிறகு தானாக எழுந்து நடமாடும். இதோடு என் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன்.

3. குறுக்கே

எங்கள் ஆஸ்பத்திரி கேட்டில் நுழைகிறவருக்கு இடது கைப் பக்கம் வைக்கோல் கொட்டகை. வலது கைப் பக்கம் மருந்து அறை. பூனை தூங்கியது கொட்டகையில், பால் குடித்தது மருந்து அறையில். மாடுகள் வந்து சேருகிற காலை நேரம் பார்த்து அது கொட்டகையிலிருந்து இறங்கி, ஆடி அசைந்து, கேட்டுக்கு எதிரே குறுக்கே போகும்.

எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் கணக்கில், பூனை வலமிருந்து இடம் போனால் நல்லது. இடமிருந்து வலம் போனால் ஆகாது. இது தினமும் இடமிருந்து வலம்தான் போயிற்று. கோமாரியில் வாய் புண்ணாகி எச்சில் ஒழுக நிற்கிற மாட்டை, அவ்வளவு தூரம் நடத்திக் கொண்டுவந்தவர்கள், கேட்டிலேயே திருப்பினார்கள். "நாளைக்கு வாரேனுங்க" என்பார்கள். டாக்டர் ஓடிப்போய் சகுனமெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்வார். மரியாதையாக நின்று, ஆமாங்க ஆமாங்க என்று முழுசும் கேட்டுவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள்.

பூனையை எங்காவது விட்டுவிடலாம் என்றேன். வெளியே விட்டால் ஒரு மழைக்குத் தாங்காது என்றார். 

யோசித்து நானே ஒரு வழி செய்தேன். படுக்கையை மருந்து அறைக்கும் பால் கிண்ணத்தைக் கொட்டகைக்கும் மாற்றினேன். இனிமேல் காலையில் அது வலமிருந்து இடம் போகும். ஆனால் பால் குடித்துவிட்டுத் திரும்பி வருமே? அதற்காக, குடித்து முடித்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கமாகச் சுற்றிவந்து மருந்து அறையில் விட்டேன். தினமும் இதே வேலை.

பலித்தது. அதிகமாகவே பலித்துவிட்டது. மாட்டாஸ்பத்திரிப் பூனை நல்ல சகுனம் காட்டுகிறது என்று ஊர் ஊராகப் பேச்சுப் பரவியது. அதன் பிறகு யாரும் பூனை குறுக்கே போகாமல் உள்ளே வருவதில்லை. அது தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, உடம்பை நக்கி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கு வெளியே ரோடு நெடுக மாடுகள் நிற்கும். டாக்டர் ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

4. பாவாயி அக்காவின் காளை

ஒரு மழைநாள் காலை. பூனைக்கு இளைப்பு முற்றி, மருந்து அலமாரிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. பால் கிண்ணத்தை மூக்குக்கு நேரே வைத்தும் கண் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பாவாயி அக்கா வந்தார். புருஷன் இல்லாமல் தனியாகத் தோட்டம் பார்க்கிறவர். கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைக்க அவரிடம் இருந்தது ஒரே ஜோடி மாடு. ஒன்று போனால் கிணற்றில் இருக்கிற தண்ணீர் கிணற்றிலேயே இருக்கும், பயிர் காய்ந்துவிடும். அந்த ஜோடியில் ஒரு காளை, நனைந்த கடலைக்கொடியைக் கண்டபடி தின்றுவிட்டு, இடது வயிறு முதுகுக்கு மேலே எழும்பும்படி உப்பி, நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. இந்த உப்புசத்தில் மாடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டிச் செத்துவிடும்.

அக்கா கேட்டுக்கு வெளியே கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். உள்ளே வரச் சொல்லிக் கத்தினேன்.

"பூனை போவட்டுங்க" என்றார்.

பூனைக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு எழுந்திருக்காது என்றேன்.

"அப்ப எந்திரிக்கிற மட்டும் நிக்கறனுங்க. எங்க பங்காளி பூனைக்கு நிக்காம உள்ள வந்தாருங்க, அவரு எருமைக்கன்னு செத்துப்போச்சு. எனக்கு இருக்கறது இந்த ஒரு ஜோடிதானுங்க சாமி."

அந்தக் கன்றுக்கு வரும்போதே பாதி உயிர்தான் இருந்தது. அதை இப்போது யாரிடம் சொல்வது? டாக்டர் ட்ரோக்காரை எடுத்துக்கொண்டு கேட்டுக்கே ஓடினார். ட்ரோக்கார் என்பது குழாயும் அதற்குள் கூர்க்கம்பியும் உள்ள கருவி. வயிற்றில் குத்திக் கம்பியை உருவினால் குழாய் வழியே வாயு வெளியேறும். அக்கா காளைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். கண்ணீர் வழிகிறது, ஆனால் ஆள் நகரவில்லை. காளையின் முன்னங்கால்கள் மடங்க ஆரம்பித்தன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அக்கா மேல், டாக்டர் மேல், செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரன் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிண்ணத்தை மாற்றி வைத்த என் மேல். அலமாரிக்கு அடியில் கைவிட்டுப் பூனையைத் தூக்கினேன். சட்டையெல்லாம் சளி. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில், அந்தக் காளைக்கு எதிரே வலமிருந்து இடமாக நடந்தேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க தூக்கிட்டுப் போனாக் கணக்குல சேருமுங்களா?"

"பூனைதான் போவுதுங்கக்கா. நான் சும்மா கூடப் போறேன்."

ஒரு கணம் யோசித்தார். பிறகு விலகி நின்றார். டாக்டர் குத்தினார். புஸ்ஸென்று வாயு வெளியேறி, நாற்றம் தாங்க முடியவில்லை. வயிறு இறங்க இறங்கக் காளை தலையை உதறி நிமிர்ந்தது. அக்கா டாக்டரைக் கும்பிடவில்லை. என்னையும் கும்பிடவில்லை. என் கையில் இருந்த பூனையைக் கும்பிட்டார்.

5. கற்றுக்கொண்டது

சில மாதங்களில் டாக்டருக்கு மாற்றல் வந்தது. பூனையைக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். ராசியான பூனையை ஊரைவிட்டு அனுப்ப மாட்டோம் என்று குடியானவர்கள் வந்து நின்றார்கள். அவர் கண் கலங்க அதை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். இந்தத் தடவை பெட்டி ஒன்றையும் மறக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற கம்பவுண்டர்களுக்குச் சொல்கிறேன். மருந்து கலக்க யாரும் சொல்லித் தருவார்கள். மாட்டுக்காரரைக் கேட்டுக்கு உள்ளே வரவைப்பதுதான் நம் தொழிலில் பாதி. அதற்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் அவர்கள் நம்பிக்கையை நமக்குத் தோதாக வளைத்து வைத்தால், அப்புறம் அதை நாம்தான் சுமக்க வேண்டும்.

புது டாக்டர் சார்ஜ் எடுத்த அன்று காலையும் மழை. ரோட்டில் மாடுகள் வரிசையாக நிற்க, மூச்சு இளைத்துக்கொண்டிருந்த பூனையை நான் தூக்கிக்கொண்டு குறுக்கே நடப்பதை அவர் வராந்தாவில் நின்று பார்த்தார். என்னய்யா வேலை இது என்று கேட்டார்.

"கம்பவுண்டர் வேலை சார்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தேன்.