எல்லாத் தோலுக்கும் ஒரே களிம்பு

விரல் நீளம்கூட இல்லாத வெள்ளை ட்யூப் அது. போர்ட் பிளேயரின் புரோத்ராபூரில் எங்கள் வீட்டருகே இருந்த மருந்துக்கடையில் அதை வாங்கியவள் நான்தான். டாக்டர் சீட்டு இருக்கிறதா, யாருக்கு வேண்டும் என்று கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. "லகாவ், கோரா ஹோ ஜாயேகா" என்றார். போட்டால் வெளுத்துவிடுமாம். எந்த மாதிரித் தோலுக்கு என்று நானாகக் கேட்டதற்கு, எல்லாத் தோலுக்கும்தான் என்று கையை விரித்தார்.

வாங்கியது என் அண்ணிக்கு. நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேயர் பக்கம் வந்தவர்கள். வண்டூரில் சுற்றுலாப் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்தாள். நல்ல கறுப்பு. வறண்ட தோல் என்பதால், முகம் கழுவினால் கன்னம் இழுத்துப் பிடிக்கும். ஈரம் காய்வதற்குள் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை ஒற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். என் முகமோ மத்தியானத்துக்குள் எண்ணெய் வழியும். அவள் எண்ணெயை எடுத்துப் பூசி எனக்கு நெற்றியெல்லாம் பரு வந்தபின், புட்டியை என் கைக்கு எட்டாமல் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த அந்தச் சின்ன விஷயம் பட்டம் படித்த எனக்குத் தெரியவில்லை.

என்னைப் பெண் பார்க்க மெயின்லேண்டிலிருந்து வருகிறார்கள் என்றதும், மருமகள் இப்படிக் கறுத்துப்போய் முன்னால் நின்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அம்மா ஆரம்பித்தாள். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"என் மூஞ்சிக்கு என்னா கொறச்சல்?" என்று அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

மறுநாள் ட்யூபோடு அவள்முன் போய் நின்று, எனக்காகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்று வாரத்தில் வெளுத்தாள். வந்தவர்கள் மெச்சினார்கள். என் கல்யாணம் முடிந்த பிறகும் அம்மா நிறுத்தவிடவில்லை. பிறகு கன்னம் சிவந்து, மெல்லிய ரத்த நாளங்கள் வெளியே தெரிந்தன. தாடையில் முடி வளர்ந்தது. அதுவரை அறியாத பரு வந்தது. ஒருநாள் போடாவிட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே போடுவாள். அவள் முகத்தை டூரிஸ்டுகள் உற்றுப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, மேலாளர் அவளை லைஃப் ஜாக்கெட் அடுக்கும் பின்னறைக்கு மாற்றினார். முகத்தைக் கெடுத்தவர்கள் நாங்கள், தண்டனை அவளுக்கு.

பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது நான்தான் அவளைத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ட்யூபைத் திருப்பிப் பார்த்தவர், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது, தோல் நோய்க்குச் சில நாள் டாக்டர் சொன்னபடி போடவேண்டிய மருந்து, எந்த வகைத் தோலுக்கும் இது அழகு கிரீம் இல்லை என்றார். அதைப் படிப்படியாக நிறுத்துவதற்கு மருந்து எழுதினார். காட்டமான சோப்பு கூடாது. வறண்ட முகத்துக்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும் வெயிலுக்குச் சன்ஸ்கிரீனும் போதும். நீங்களும் அதையே பூசாதீர்கள், எண்ணெய்த் தோலுக்கு ஜெல் மாதிரி லேசானது வேண்டும் என்று என்னிடமும் சொன்னார். இரண்டு நிமிடப் பேச்சு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அதை முதலிலேயே கேட்கத் தோன்றவில்லை.

தேறுவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் தேறும்வரை அண்ணி பின்னறையில் காத்திருக்கவில்லை. நான் புகுந்த வீடு திரும்புவதற்குள்ளேயே, சிவந்த முகத்தோடே மேலாளர்முன் போய் நின்றாள். நானும் உடனிருந்தேன். "டிக்கெட்ட கையாலதானே குடுக்கிறேன், மூஞ்சியாலயா?" என்று இந்தியில் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அடுத்த வாரம் கவுண்டருக்குத் திரும்பினாள்.

இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கன்னத்து ரத்த நாளங்கள் மட்டும் முழுக்க மறையவில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரப் பெண்மணி ஒருத்தி அதைப் பற்றி விசாரித்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "அவளுக்குப் பொறவியிலேருந்தே அப்படித்தான்" என்றாள் அம்மா.

கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்தேன்.

"இல்லம்மா," என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "நீ கேட்ட, நான் வாங்கிக் குடுத்தேன். அதுல வந்தது."

அம்மா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அண்ணி தன் இலையிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து என் இலையில் வைத்தாள்.