நாற்காலி நாற்காலியாகத் தள்ளிப் போனவன்

போன வாரம் லிஃப்டில் ஒரு இளைஞன் ஏறினான். உடம்பெல்லாம் செண்ட். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு மட்டும் பாவமாக இருந்தது. எதை மறைக்க இவ்வளவு பூசிக்கொண்டானோ, யார் கண்டது. நானும் ஒருநாள் அப்படி மணக்க மணக்க சென்னைக்கு டென்னிஸ் பார்க்கப் போனவன்தான்.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு ஜனவரி. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசராக இருந்தேன். பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடை எங்கள் மூக்குக்குப் பழகிப்போனது. ரயிலில் வருகிறவர்கள்தான் எங்கள் ஊர் நெருங்கியதும் ஜன்னலைச் சாத்துவார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து, ஏதோ வெளியூர்க்காரன் மாதிரி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அப்பேர்ப்பட்ட வீரன்.

சர்ச்சில் பழக்கமானவர்கள் மூலம் அத்தை எனக்கு ஒரு சம்பந்தம் பார்த்திருந்தாள். பெண் சென்னையில் டீச்சர். அவளுடைய அப்பா பேங்க் ஆபீசர், டென்னிஸ் பைத்தியம். நுங்கம்பாக்கத்தில் வருஷா வருஷம் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்து ஆடுவார்களே, அந்த வாரம் முழுக்க லீவு போட்டுவிடுவாராம். "வீட்ல பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் வேணாம். பையனை ஸ்டேடியத்துக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சோப்பு கரையக் கரையக் குளித்துவிட்டு ரயிலேறினேன். காட்பாடியில் ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு அம்மா, அரக்கோணம் தாண்டியும் மூக்கிலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. ஜலதோஷமாக இருந்திருக்கலாம். அது இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் வாடைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். சென்ட்ரலில் இறங்கியதும் பவுடர் வாங்கி சட்டைக்குள் கொட்டிக்கொண்டேன்.

முதல் சுற்று ஆட்டம், பாதி நாற்காலிகள் காலி. எனக்கு ஒரு பக்கம் அந்தப் பெண், அவளுக்கு அந்தப்பக்கம் அவள் அப்பா. பந்து போடும்போது ஸ்டேடியமே மூச்சை அடக்கிக்கொள்ளும். அதனால் அவள் என் காதருகே சாய்ந்து ஸ்கோர் கணக்கை மெதுவாகச் சொன்னாள்.

"பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பது. ஏன்னு மட்டும் கேக்காதீங்க, எனக்கே தெரியாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது. பிடித்ததும்தான் பயம் வந்தது. இவ்வளவு கிட்டத்தில் சாய்கிறாளே.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மூக்கருகே கை கொஞ்சம் கூடுதலாக நின்ற மாதிரி இருந்தது. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது மட்டும்தான் பார்க்கிறவர்களும் எழுந்து நடமாடலாம் என்பது அங்கே வழக்கம். அடுத்த தடவை அவர்கள் பக்கம் மாறியபோது நான் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தேன். அதற்கடுத்த தடவை இன்னொன்று.

"ஏங்க, இன்னா ஆச்சு?" என்றாள்.

"இங்க கண்ணு கூசுது."

அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் மூடிக் கிடந்தது. அதோடு ஸ்கோர் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். நான் விடாமல் தள்ளிக்கொண்டே போனேன். ஆட்டம் முடிந்தபோது எங்கள் நடுவே ஒரு குடும்பமே உட்காரலாம். யார் ஜெயித்தார்கள் என்று சத்தியமாகத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். "இன்னாடா, பொண்ணு பக்கத்துல ஒக்காராம தள்ளித் தள்ளிப் போனியாமே? உனக்குப் புடிக்கலன்னு அது அழுதுச்சாம்டா. அவங்கப்பாவுக்கு ஒரே பேஜாராப் போச்சு."

என்மேல் டேனரி வாடை அடிக்குமோ என்று பயந்தேன் அத்தை. இந்த ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். சொன்னதோ வேறு. "ஆமா அத்தை, எனக்குச் சரிப்பட்டு வரல" என்றேன். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது. இதை எழுதும்போதுகூடக் கூச்சத்தில் உடம்பு குறுகுகிறது. வாடைக்காக வெட்கப்பட்டதை நினைத்துத்தான் இப்போது வெட்கம்.

அந்தப் போட்டி சென்னையை விட்டே போய்விட்டது. எங்கள் டேனரியை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ரயிலில் நான் இப்போது போகிற ஏ.சி. பெட்டியில் திறந்து சாத்துகிற ஜன்னலும் கிடையாது. அன்றைக்கு என்மேல் வாடை அடித்ததா இல்லையா என்று சொல்லக்கூடியவள் அந்தப் பெண் ஒருத்திதான். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது, கண்ணு கூசுது என்பது.