என் முட்டிக்கு ஏற்ற கிளட்ச்

எங்கள் லாரியின் எஞ்சினும் என் இடது முட்டியும் ஒரே மழைக்காலத்தில் படுத்துவிட்டன. எஞ்சின் பொன்முடி மலை ஏற்றத்தில் சிலிண்டர் பிளாக் வெடித்து நின்றது. நான் ஆரியசாலைச் சந்தையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தேன். முட்டிக்கு ஆபரேஷன். லாரிக்கு, விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து எடுத்த எஞ்சின்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான், தன் ஒர்க்‌ஷாப்பில் பழுது பார்ப்பது என் கணவர். அவருக்கு எதையாவது பிரித்துப் போட்டால்தான் சோறு இறங்கும். ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னால் கீழே இறங்கிவிடுவார். என்னால் கிளட்சை மிதிக்க முடியாமல் போனால் வெளியாள் ஒருவர் என் சீட்டில் உட்காருவார், நான் வீட்டில் உட்கார வேண்டும். இனி ஓய்வெடுக்கலாமே என்று கரிசனம் காட்டியவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டே இருந்தேன்.

புது எஞ்சினில் கிளட்ச் லிவர் வலப்பக்கம் இருந்தது, எங்கள் பெடலோ இடப்பக்கம். கியர்பாக்ஸுக்கு அடியில் குறுக்கே ஒரு ஷாஃப்ட் கொடுத்து, இரண்டு முனையிலும் ராடு மாட்டி இணைத்தார். தானே ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, கேட்டியா" என்றார். நான் ஏறி மிதித்தேன். கருங்கல்லை மிதித்த மாதிரி இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது.

லிவரை நீளமாக்கினால் மிதி லேசாகும் என்று இன்னொரு துண்டை வைத்து வெல்டிங் அடித்தார். லேசாகத்தான் ஆனது. ஆனால் லேசான மிதியைக் கூடுதல் தூரம் மிதிக்க வேண்டும். அதற்குள் பெடல் தரைத்தகட்டில் இடித்து நின்றுவிட்டது. கிளட்ச் முழுசாக விடவில்லை, கியர் போட்டால் நறநறவென்று அலறியது. பெடலை உயர்த்தி வைத்தார். என் முட்டி அவ்வளவு மடங்கவில்லை. லிவரைக் குறைத்தார், மறுபடியும் கருங்கல்.

"கொஞ்ச நாளைக்கு ஒரு டிரைவர வெப்போமா?" ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எஞ்சின் கெடச்ச எடத்துல எனக்கும் ஒரு கால் கெடைக்குமான்னு பாருங்க" என்று கத்தினேன். கத்தியதும் அழுகை வந்துவிட்டது. அவர் டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போனார். லிவரிலிருந்து ஷாஃப்ட் வரை, ஷாஃப்டிலிருந்து பெடல் வரை அளந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை தடவையும் அவர் அளவு பெடலோடு நின்றுபோயிருந்தது.

"பெடலுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி இருக்கேன். என்னையும் சேத்து அளந்தா என்ன?"

வெளியே வந்தவர் என் காலைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். என்னை சீட்டில் உட்கார வைத்து இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். முட்டியை எவ்வளவு மடக்கினால் வலிக்கிறது, எவ்வளவில் வலி குறைகிறது என்று சாக்பீஸால் கேபினிலேயே குறித்துக்கொண்டார். பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீள லிவரே திரும்ப வந்தது. பெடல் இறங்கும் இடத்தில் தரைத்தகட்டை வெட்டி ஒரு பள்ளம் வைத்தார். சீட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, முன்னால் தள்ளினார். இப்போது முட்டியை அதிகம் மடக்காமல், மேலிருந்து உடம்பின் கனத்தோடு மிதிக்க முடிந்தது. தலை கூரையில் இடிக்காதது நான் குள்ளமாகப் பிறந்ததன் பலன்.

அடுத்த வாரம் பாதி லோடு ஏற்றிக்கொண்டு பொன்முடிக்குக் கிளம்பினோம். அவர் பக்கத்து சீட்டில். செங்குத்தான ஒரு வளைவில் எதிரே பஸ் வந்ததால் ஏற்றத்தின் நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. பஸ் போனதும் கிளட்சைப் பள்ளம் வரை அமுக்கினேன். ஃபர்ஸ்ட் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. பைய விட்டேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, பின்னால் உருளாமல் மேலே ஏறியது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

"கால் வலிக்கா?"

"வலிக்கு."

"ஓரமா நிறுத்துதியா?"

"காலும் என்னுது, வண்டியும் என்னுது. சும்மா இருங்க, அடுத்த வளைவு வருது."